மூடாத நாற்பத்து மூன்று ஏடுகள்

பனி தன் ஈரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு வெறுங்குளிராய் நிற்கும் பருவம் அது. மழை விடைபெற்று நெடுநாளாயிற்று. வெயில் வந்து சேர இன்னும் நாளிருந்தது. இரண்டுக்கும் நடுவே கிடந்த அந்தச் சில வாரங்களில், காலமே மூச்சை உள்ளிழுத்து வெளிவிடாமல் நிறுத்தி வைத்திருப்பதுபோல் ஓர் அமைதி. மரங்கள் உதிர்க்க வேண்டியவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டு, கொடுத்து முடித்த கைகளைப்போல் வானத்தை நோக்கி வெறுமையாய் விரிந்து நின்றன. காற்றில் நீர்ப்பசை அற்றுப்போயிருந்தது. உதடுகள் வெடித்தன, கதவுகள் சுருங்கி நிலையில் தடதடத்தன, இரும்புத் தாழைத் தொட்ட விரலை அது சுள்ளென்று கடித்தது. பறவைகளும் ஓரிரு சொல்லோடு பேச்சை முடித்துக்கொண்டன. உலகம் எதையோ வேண்டிக்கொண்டு, வேண்டியதை வாய்விட்டுச் சொல்லாமல், கண்மூடி நிற்பதுபோலிருந்தது.

அத்தகைய ஒரு முற்பகலில், மாடி வீட்டின் முன்னறையில், புலவரின் மடிக்கணினி நின்றுபோயிற்று.

புலவர் என்பது தெரு வைத்த பெயர். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். பதினோராண்டாக ஒரே வேலை: நாலாயிரத்து இருநூறு பழம்பாடல்களுக்குச் சொல்லடைவு தொகுப்பது. எந்தச் சொல் எந்தப் பாட்டில் எத்தனையாம் அடியில் வருகிறது, அச்சொல்லை வேறு எந்த ஏட்டில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் கோத்து வைப்பது. அதன் முழுக்கோப்பையும் இன்னும் ஐந்து நாளில் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் ஏடுகளை ஒப்பிடும் பகுதி இல்லாமலே நூலை அச்சுக்கு ஏற்றிவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அந்தப் பகுதிதான் நூலின் உயிர் என்று புலவர் சொல்லுவார். உயிரில்லாத உடம்பை அட்டை போட்டு விற்கப் போகிறார்கள் என்றும் சொல்லுவார்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லாரும் ‘சிஸ்டர்’ என்பார்கள். கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் முப்பத்து நான்கு ஆண்டு, மருத்துவர் கை நீட்டுமுன் கருவியை எடுத்து வைத்த செவிலி. ஓய்வு பெற்ற பின்னும் கண்ணும் கையும் ஓயவில்லை.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். புலவர் கன்னத்தில் கை வைத்துத் திரையைப் பார்த்தபடி இருந்தார். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

“என்னங்க, மறுபடியும் நின்னுடுச்சா?”

“நிக்கல. யோசிக்குது.”

“இருபது நிமிஷமாவா?”

“பெரிய விஷயம்னா நேரம் ஆகும். உன்னை மாதிரி முப்பத்தாறு வருஷமா யோசிக்காமலே பதில் சொல்ல எல்லாராலயும் முடியுமா?”

“யோசிச்சிருந்தா அன்னிக்கே வேற மாதிரி பதில் சொல்லியிருப்பேன்” என்றாள் சிஸ்டர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வெளியூரில் வேலை பார்க்கும் மகளைத் தொலைபேசியில் அழைத்து, பேசியை மேசைமேல் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமாப்பா?” என்றாள் மகள், நலம்கூடக் கேட்காமல்.

“வேண்டாம். எழுத்துரு, குறிப்பு, அடுக்கு எல்லாத்தையும் புதுசுக்குக் குடி மாத்தவே பத்து நாள் ஆகும். என் விரலுக்கு இந்தப் பலகைதான் தெரியும்.”

“அப்ப மெமரியைக் கூட்டுங்க. அது பத்தாமதான் இப்படி நிக்கும்.”

“நினைவகம்னு சொல்லும்மா” என்று திருத்தினார் புலவர்.

“நினைவகமா?” என்றாள் சிஸ்டர். “அது செத்தவங்களுக்குக் கட்டுறதுல்ல? இதுக்கு இன்னும் உயிர் இருக்குங்க. கொஞ்சம் இழுத்துக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்.”

மகள் சிரித்தாள். புலவர் சிரிக்கவில்லை. எதையும் எண்ணிப் பார்க்காமல் ஒப்புக்கொள்கிறவர் அல்லர் அவர். ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார்.

“கேட்டுக்கோ. மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல். சொல்லுக்கு அஞ்செழுத்துன்னா ஆறு லட்சம் எழுத்து. எழுத்துக்கு ஆறு பைட்னு தாராளமா வச்சாலும் முப்பத்தாறு லட்சம். நாலு மெகாபைட்டைத் தாண்டல. அடைவும் குறிப்பும் சேர்ந்து பத்து மடங்குன்னு வை, நாப்பது. இதுல இருக்கிறது எட்டு ஜிபி. இந்த நூல் மாதிரி இருநூறு நூல் தாங்கும். நான் எழுதினது ஒண்ணே ஒண்ணு. அதுக்கே மூச்சு வாங்கினா, குறை நினைவகத்துல இல்ல, அதோட மனசுல.”

“அப்பா, கணக்கு ரொம்பச் சரி. கேள்விதான் தப்பு” என்றாள் மகள். “எவ்வளவு எழுதியிருக்கீங்கங்கறது இல்ல. ஒரே நேரத்துல எவ்வளவு திறந்து வச்சிருக்கீங்கங்கறதுதான்.”

புலவர் புரியாமல் விழித்தார். சிஸ்டருக்குச் சட்டென்று புரிந்தது. அறுவை அரங்கில் சுவரோரம் நிற்கும் அலமாரி வேறு, மருத்துவரின் முழங்கையோரம் நிற்கும் தட்டு வேறு. அலமாரியில் ஆயிரம் கருவி இருக்கலாம். ஆனால் அந்நேரம் வேண்டியவை தட்டில் பரப்பி இருக்க வேண்டும். தட்டு சிறிதானால் ஒவ்வொன்றுக்கும் அலமாரிக்கு ஓட வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும்போது மருத்துவர் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும். இவர் கன்னத்தில் வைத்த கை வைத்தபடியே இருப்பதுபோல.

“எழுதினதெல்லாம் அலமாரியில இருக்குங்க” என்றாள். “இவ சொல்றது தட்டு. உங்க தட்டு சின்னது. எவ்வளவு பெருசு வேணும்னு ஊகத்துல சொல்லக் கூடாது. ரொம்ப நெருக்கடியான அறுவையில தட்டுல என்னென்ன கிடக்குன்னு எண்ணித்தான் சொல்லணும்.”

“அம்மாவுக்கு ஒரு தடவை சொன்னா போதும்” என்றாள் மகள்.

“எனக்கு நீ இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லலையே” என்றார் புலவர்.

அன்று முழுதும் சிஸ்டர் கணினிக்கு நாடி பார்த்தாள். மகள் சொல்லிக் கொடுத்தபடி டாஸ்க் மேனேஜர் என்னும் பலகையைத் திறந்து, நினைவகப் பக்கத்தைப் பார்த்து, அரை மணிக்கொரு தரம் பழைய மருத்துவமனைக் குறிப்பேட்டில் எழுதினாள். எழுப்பியவுடன் மூன்று ஜிபி. முழுக்கோப்பைத் திறந்ததும் ஐந்தரை. புலவர் ஏட்டுப் படங்களையும் திறந்து வைத்ததும் ஏழரையைத் தாண்டி, எட்டின் விளிம்பில் தளும்பி நின்றது. அதற்குக் கீழே இன்னோர் எண்: பதின்மூன்று புள்ளி நான்கு. அவ்வளவு தருகிறேன் என்று கணினி திறந்திருக்கும் எல்லா நிரலுக்கும் வாக்குக் கொடுத்து வைத்திருக்கும் மொத்தம் அது.

மாலையில் மகள் அந்த எண்ணைக் கேட்டு, “அதான் நெஜமா வேணும்ங்கற அளவு” என்றாள். “கையில இருக்கிறது எட்டு, வாக்குக் கொடுத்தது பதிமூணரை. மிச்சத்தை டிஸ்க்ல கொண்டு போய் வைக்கிறதும் எடுக்கிறதுமா அலையுது. பதினாறு இருந்தா நிம்மதியா ஓடும். முப்பத்திரண்டு உங்களுக்குத் தேவையே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி, அந்த ஏட்டுப் படமெல்லாம் எதுக்குத் திறந்து கிடக்கு? மூடிட்டா எட்டே போதுமே!”

“மூடுங்க” என்றாள் சிஸ்டர்.

“முடியாது” என்றார் புலவர்.

“எத்தனை திறந்திருக்கீங்க?”

“நாப்பத்து மூணு.”

“ஒரு மனுஷனுக்கு ரெண்டு கண்ணுதாங்க. நான் எண்ணிப் பார்த்திருக்கேன்.”

“பாதிப் பாட்டுல ஏட்டை மூடக் கூடாது. எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.”

“உங்க வாத்தியார் காலத்துல ஏட்டுக்குப் பசிக்காது. இதுக்குப் பசிக்குது. நீங்க நாப்பத்து மூணு பேரைப் பந்தியில உக்கார வச்சுட்டு எழுந்திருக்கவும் விடல, பரிமாறவும் விடல. அஞ்சு நாள்தான் இருக்கு. மூடுங்கன்னா மூடுங்க.”

பதிலில்லாத இடத்தில்கூடப் புலவர் வாய் மூடி இருந்ததில்லை. ஒரு சொல்லுக்கு ஒன்பது மேற்கோள் எடுத்து வீசுகிறவர். அவர் பேசாமல் எழுந்துபோய்ப் பலகணியைச் சாத்தியது சிஸ்டருக்கு என்னவோபோலிருந்தது.

மறுநாள் அவர் தவணை கேட்டுப் பார்க்கப் பதிப்பகத்துக்குப் புறப்பட்டார். கழுத்துத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, “கணினியைத் தொடாதே, ஓடிக்கிட்டிருக்கு” என்றார்.

“ஓடினா தொட மாட்டேன். நின்னாத்தான் தொடுவேன்.”

அவர் தெருமுனை திரும்பியதும் நாற்காலியில் அமர்ந்தாள். ஒளித்துப் பார்க்கும் எண்ணம் அவளுக்கில்லை. எந்தப் படம் எவ்வளவு இடம் தின்கிறது என்று குறிப்பேட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. முதற் படத்தை முன்னே இழுத்தாள். பழுப்பேறிய ஓலை, எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. ஓரிடத்தில் புலவர் சிவப்புக் கோடிட்டிருந்தார். இரண்டாவது படம், வேறோர் ஓலை, அதே அடியில் சிவப்புக் கோடு. மூன்றாவதும் அப்படியே. பத்தாவதைப் பார்க்கும்போது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நாற்பத்து மூன்றும் ஒரே பாட்டு. நாற்பத்து மூன்றிலும் ஒரே அடி.

எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு குறிப்புச் சாளரம் கிடந்தது. அதன் தலைப்பில் இரண்டாண்டுக்கு முந்தைய நாள். அதன்கீழ்ப் புலவரின் நடையில் ஒரே வரி: ‘மருந்தாய் என்னும் பாடத்துக்குச் சான்று உண்டா?’

சிஸ்டரின் விரல் விசைப்பலகைமேல் நின்றுவிட்டது.

அந்தப் பாட்டு அவள் பாட்டு. கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுக்கும்போதெல்லாம் அவள் அம்மா முணுமுணுத்தது, அம்மாவும் செவிலிதான். அவளிடமிருந்து இவளுக்கு வந்தது. நோயில் கிடந்தவர் ஒருவர் இறைவனை நோக்கிப் பாடியது.

*பெருந்துயர்ப் பிணியிற் பிறழ்ந்துநான் கிடக்க*
*அருந்துணை யெனவென் அருகினில் மருந்தாய்*

என்று அவள் பாடுவாள். மணமான முதல் மாதத்தில், ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டே பாடியபோது, புலவர் அறையிலிருந்து வெளியே வந்து, “மருந்தாய் இல்லை, இருந்தாய். ‘அருகினி லிருந்தாய்’. அச்சில் அப்படித்தான் இருக்கிறது” என்றார். மேடையில் பேசுவதுபோல் பேசிய காலம் அது. “உங்க அச்சுல இருக்கலாம். எங்க வார்டுல மருந்தாய்தான்” என்றாள் இவள். அன்றிலிருந்து அது வீட்டில் ஓயாத கேலி. இவள் வேண்டுமென்றே அந்தச் சொல்லில் குரலை உயர்த்துவாள்; அவர் வேண்டுமென்றே இருமுவார். மகள் சிறுமியாய் இருந்தபோது இருமலும் பாட்டிலேயே சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு, பள்ளியில் இருமிப் பாடிவிட்டு வந்தாள்.

அப்படி இருமினவர், இரண்டாண்டாக, உலகத்திலுள்ள நூலகங்களிலெல்லாம் படம் கேட்டு வாங்கி, தன் பிழைதிருத்தத்தைத் தானே பிழையாக்க ஏதேனும் ஓலை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிஸ்டர் சாளரங்களை இருந்த வரிசையிலேயே அடுக்கி வைத்தாள். எழுந்துபோய் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தாள்.

நண்பகலில் புலவர் திரும்பினார். கழுத்துத் துணி ஒரு சுற்றுக் குறைந்திருந்தது, முகமும் அப்படியே.

“தவணை இல்லை. அச்சகத்துல நாள் குறிச்சாச்சாம்.” நாற்காலியில் அமர்ந்தார். “நீ சொன்னதுதான் சரி. மூடிடறேன். முழுக்கோப்பாவது ஓடட்டும். நாலாயிரத்து இருநூறு பாட்டு இருக்க, ஒரு பாட்டுக்காக எல்லாத்தையும் விட முடியாது.”

எலி என்று அவர் அழைக்கும் சுட்டியின்மேல் கை போயிற்று.

“மூடாதீங்க” என்றாள் சிஸ்டர்.

“நேத்து நீதானே மூடச் சொன்ன?”

“நேத்து சொன்னது நேத்து.”

“பந்தின்ன. பசின்ன.”

“ஆமா. பந்தியில உக்காந்தவங்களை எழுப்பக் கூடாது. மேசையைத்தான் பெருசாக்கணும். நான் கடைக்குப் போறேன்.”

புலவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

கடை, இரண்டு பெருங்கடைகளுக்கு நடுவே செருகியதுபோல் ஒடுங்கி இருந்தது. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க கடைக்காரி, நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தூக்கி வைத்து, பிரித்துப் போட்ட கணினிகளின் நடுவே அமர்ந்திருந்தாள். சிஸ்டர் குறிப்பேட்டை நீட்டினாள். கடைக்காரி ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு பக்கம் புரட்டினாள்.

“அக்கா, இது என்ன, ஜுரக் குறிப்பு மாதிரி இருக்கு?”

“அப்படித்தான் எழுத வரும்.”

“எல்லாரும் வந்து ‘பெருசா ஒண்ணு கொடு’ம்பாங்க. நீங்கதான் முதல் தடவை அளந்துட்டு வந்திருக்கீங்க. பதிமூணரைதானா? அப்ப பதினாறு போதும். நான் முப்பத்திரண்டு கொடுத்தா அது எனக்குத்தான் நல்லது.” குறிப்பேட்டில் எழுதியிருந்த கணினியின் பெயர்ச்சீட்டு எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இதுல ரெண்டு குழி இருக்கும். ஒண்ணுல எட்டு உக்காந்திருக்கு, இன்னொண்ணு காலி. காலியில இன்னொரு எட்டை வைங்க. சில மாடல்ல தாய்ப்பலகையோடயே ஈயத்தால பத்த வச்சிருப்பான், ஒண்ணும் செய்ய முடியாது. உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்ல.”

“எந்த எட்டு வேணாலும் வைக்கலாமா?”

“வைக்கக் கூடாது. ரெண்டு தகடும் ஒரே தலைமுறையா இருக்கணும், இல்லன்னா குழியிலேயே இறங்காது. மடிக்கணினிக்குக் குட்டையா இருக்கிறதுதான் வாங்கணும், மேசைக் கணினிக்கு நீளம். வேகமும் ஒண்ணா இருந்தா நல்லது. வேற வேறயா இருந்தா, குறைஞ்சவன் வேகத்துலதான் ரெண்டு பேரும் ஓடுவாங்க.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான்” என்றாள் சிஸ்டர்.

கடைக்காரி கண்ணாடி நழுவி விழச் சிரித்தாள். “யாரு குறைஞ்ச வேகம்க்கா?”

“கேட்டா ரெண்டு பேரும் மத்தவரைக் காட்டுவோம்.”

“இங்கேயே மாட்டித் தரேனே? நாளைக்குக் கொண்டாங்க.”

சிஸ்டர் தயங்கினாள். கணினியைத் தூக்கி வந்தால் அணைக்க வேண்டும். அணைப்பது எங்கே நடந்தாலும் ஒன்றுதான். ஆனால் அந்த ஓலைகள் இருக்கும் பெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. “நானே மாட்டிக்கிறேன். ஏதாவதுன்னா போன் பண்றேன்.”

“பண்ணுங்க. இந்தப் பருவத்துல உடம்புல மின்சாரம் ஏறிக் கிடக்கும். அதைத் தொடறதுக்கு முன்னாடி இரும்பு எதையாவது தொட்டு இறக்கிடுங்க. ஓரத்தை மட்டும் பிடிங்க. கீழ்விளிம்புல இருக்கிற தங்கப் பல்லைத் தொடாதீங்க.”

மறுநாள் காலை பத்து மணிக்கு, சன்னலோரம் வெளிச்சம் விழும் இடத்துக்கு மேசையை நகர்த்தி, வெள்ளைத் துணி விரித்தாள். நாற்பத்து மூன்று படங்களின் பெயரையும் புலவர் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு கணினியை உறங்க வைக்காமல் முழுதாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்தார்.

“கம்பளிச் சட்டையைக் கழட்டுங்க.”

“குளிருது.”

“அதுல பொறி பறக்கும். கழட்டுங்க, இல்லன்னா அந்தப் பக்கம் போய் நில்லுங்க.”

கழற்றினார். சிஸ்டர் சன்னல் கம்பியைப் பற்றினாள். சுள்ளென்று ஒரு கடி. அதுதான் அவள் உடம்பிலிருந்து இறங்க வேண்டியது. கணினியின் அடிப்பாகத்தை ஒரு தாளில் படமாக வரைந்து, பத்துத் திருகாணியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே படத்தில் ஒட்டினாள். பின்வரிசை நான்கும் நீளம், மற்றவை குட்டை. அறுவையில் உள்ளே போனதும் வெளியே வந்ததும் எண்ணித் தீராமல் தையல் போட விடாதவள் அவள்.

“எண்ணுங்க.”

“பத்து.”

“சத்தமா.”

“பத்து, சிஸ்டர்!” என்றார் புலவர்.

காலாவதியான நூலக அட்டையை விளிம்பில் செருகி மெல்ல நகர்த்த, அடிமூடி டக் டக்கென்று விட்டுக்கொடுத்தது. முதலில் மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கினாள். உள்ளே விசிறியின் இறக்கைகளில் பதினோராண்டுத் தூசி இல்லாவிட்டாலும் ஐந்தாண்டுத் தூசி இருந்தது. அதைத் தூரிகையால் தட்டினாள். நடுவில் இரண்டு குழி. ஒன்றில் பச்சைத் தகடு படுத்திருந்தது. மற்றது காலி.

“இவ்வளவுதானா?” என்றார் புலவர் எட்டிப் பார்த்து. “இந்தக் கட்டை விரல் அகலத்துலயா என் எட்டு ஜிபி?”

“உங்க மூளையைத் திறந்து பார்த்தாலும் இவ்வளவுதான் இருக்கும். தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

புதுத் தகட்டை ஓரம் பிடித்து, அதன் கீழ்விளிம்பின் வெட்டைக் குழியின் மேட்டோடு பொருத்தி, சாய்வாக உள்ளே செலுத்தி, மெல்லப் படுக்கவைத்தாள். இரு பக்கக் கொக்கியும் அதைத் தொட்டுக்கொண்டு நின்றன. மின்கலத்தை இணைத்து, மூடி, திருகி, எண்ணி, நிமிர்த்தி, பொத்தானை அழுத்தினாள்.

திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். விசிறி மட்டும் சுழன்றது.

புலவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் வைதிருந்தால் சிஸ்டருக்கு எளிதாக இருந்திருக்கும். ஐந்து நாளில் மீதமிருப்பது மூன்று. பதினோராண்டு அந்தக் கறுப்புக்குள் கிடந்தது. தன் ஒருத்தியின் ஒரு சொல்லுக்காக எல்லாம் போயிற்றோ என்று அவளுக்குத் தோன்றியது. கடைக்காரியை அழைத்தாள்.

“அணைச்சுத் திறங்க அக்கா. தங்கப் பல்லு வெளியே தெரியுதா?”

மறுபடி பத்துத் திருகாணி. மறுபடி மூடி. மின்கலத்தைப் பிரித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். “மயிரிழை அளவுக்குத் தெரியுது.”

“அப்ப உள்ளே போகல. எப்படித் தள்ளினீங்க?”

“எப்பவும் தள்ளுற மாதிரிதான். மெதுவா.”

“நீங்க என்ன வேலை பார்த்தீங்க?”

“கண் ஆஸ்பத்திரியில, தியேட்டர்ல.”

மறுமுனையில் சிரிப்பு. “அக்கா! அது கண்ணு இல்ல. பயப்படாம அமுக்குங்க. பல்லு முழுசா மறையணும், ரெண்டு பக்கமும் ‘டிக்’னு சத்தம் வரணும்.”

முப்பத்து நான்கு ஆண்டு அவள் கைக்கு ஒரே பாடம்தான் கற்றுத் தந்திருந்தார்கள்: அழுத்தாதே. இப்போது இரு கட்டை விரலையும் தகட்டின் முதுகில் வைத்தாள். விரல்கள் தாமாகவே பின்வாங்கின. புலவர் பக்கத்தில் வந்து, தன் இரு கட்டை விரலையும் அவள் விரல்கள்மேல் வைத்தார்.

“நான் சொற்களை எல்லாம் அமுக்கியே பழகினவன். சேர்ந்து அமுக்குவோம்.”

அமுக்கினார்கள். தங்கக் கோடு மறைந்தது. தகட்டைப் படுக்க வைத்து இன்னொரு முறை. டிக். டிக்.

மறுபடி மூடி, திருகி, பொத்தானை அழுத்தியபோது, இம்முறையும் திரை சற்று நேரம் கறுத்தே இருந்தது. வந்த புது விருந்தாளியை அடையாளம் கண்டுகொள்ள அதற்கும் நேரம் வேண்டியிருந்தது போலும். பிறகு வெளிச்சம் வந்தது. சிஸ்டர் முதல் வேலையாக அந்தப் பலகையைத் திறந்தாள். எட்டு இருந்த இடத்தில் பதினாறு. இரண்டு குழியில் இரண்டும் நிறைந்தன என்று கீழே எழுதியிருந்தது. புலவர் அவள் கட்டை விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாததைத் துடைத்தார்.

முழுக்கோப்பைத் திறந்தார். வந்தது. நாற்பத்து மூன்று ஓலையையும் பட்டியல் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்தார். வந்தன. சிஸ்டர் குறிப்பேட்டில் பதின்மூன்றரை என்று எழுதி அடிக்கோடிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் போனாள்.

அடுத்த இரண்டு நாளும் புலவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு மேசைக்கே போயிற்று. கடைசி நாள் முற்பகலில் அவர் குரல் கேட்டது. பெயரோ, ‘ஏய்’யோ, ‘சிஸ்டர்’ என்ற கேலியோ இல்லை.

“இங்க வாயேன்.”

போனாள். திரையில் இரண்டு ஓலை பக்கம் பக்கமாக இருந்தன.

“இது முப்பத்தோராவது ஏடு. இந்த அடியில என்ன எழுதியிருக்குன்னு பாரு. பழைய ஏட்டுல புள்ளி வைக்க மாட்டாங்க, தெரியுமில்ல? ‘அருகினிலமருநதாய’. இருந்தாய்னா ‘லி’ வேணும், மேல்விலங்கு வளையணும். இங்க பூச்சி அரிச்சிருக்கு, அதனால விலங்கு போயிருக்கும்னு எல்லாரும் விட்டுட்டாங்க. ஆனா இதே கை எழுதின இன்னொரு ஏடு இது. இவன் ‘லி’ எழுதினா விலங்கு அடுத்த எழுத்துமேல வரைக்கும் போகும். பூச்சி அவ்வளவு தூரம் தின்னல. அதுக்கப்புறம் ‘ம’ தெளிவா நிக்குது. ரெண்டையும் ஒண்ணாப் பார்க்காம இதைச் சொல்லவே முடியாது.”

“அப்படின்னா?”

“புள்ளியை எங்க வைக்கிறோமோ அதைப் பொறுத்து ரெண்டு விதமாப் படிக்கலாம். ‘ல’ மேல வைக்கலைன்னா ‘அருகினில் அமரும் தாய்’. பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மா.” அவர் சற்று நிறுத்தினார். “வச்சா ‘அருகினில் மருந்தாய்’. அமரும் தாய்னா ஓசை ஓரசை நீளுது. மருந்தாய்தான் அளவா நிக்குது. உங்க அம்மா பாடினது சரி. நீ பாடினது சரி. முப்பத்தாறு வருஷமா இருமினவன்தான் தப்பு.”

சிஸ்டர் அந்த எறும்பு வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓரெழுத்தும் விளங்கவில்லை. ஆனால் மருந்தும், பக்கத்தில் அமர்ந்த தாயும் ஒரே எழுத்து வரிசைக்குள் இருப்பது, அறுவை முடிந்து கட்டவிழ்த்த கண்ணுக்கு முதல் முகம் தெரிவதுபோல் தெரிந்தது.

“நீ ஆச்சரியப்படவே இல்லையே” என்றார் புலவர் ஏமாற்றத்தோடு. “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“கண்ணாஸ்பத்திரியில முப்பத்து நாலு வருஷம். பார்க்காம இருப்பேனா?”

“அதான் மூடாதேன்னியா?”

“எழுதுங்க. நேரம் ஆகுது.”

அவர் குறிப்பில் இரு பாடத்தையும் எழுதினார். சான்று: முப்பத்தோராம் ஏடு. அதன் பக்கத்தில், ‘செவிலியர் வாய்மொழி வழக்கிலும் உண்டு’ என்று சேர்த்தார். கோப்பைச் சேமித்து, பதிப்பகத்துக்கு அனுப்பினார். அனுப்பியாயிற்று என்று திரையில் ஒரு சிறு வரி தோன்றி மறைந்தது.

பின்னர்ப் புலவர் எழுந்தார். குளிருக்காக மாட்டியிருந்த காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். சன்னலுக்கு வெளியே இலையற்ற மரமும் வெளிறிய வானமும் தவிர வேறொன்றும் இல்லை. அதை நோக்கி நின்று, கண்மூடி, கைகுவித்தார். குரல் எடுப்பாக இல்லை. இரண்டு நாளாக அதிகம் பேசாதிருந்த குரல். அந்தப் பாட்டை முதலடியிலிருந்து பாடினார். அந்தச் சொல் வந்தபோது விரைந்து கடக்கவில்லை. வாசலில் செருப்பை விட்டு உள்ளே போகிறவர்போல் ஒரு நொடி நின்று, “மருந்தாய்” என்று, அவள் பாடும் அதே ஓசையில் பாடினார். இறுதியடி முடிந்தும் குவித்த கை பிரியவில்லை.

சிஸ்டர் எழுந்து அருகே சென்றாள். அவரைவிட நான்கு வயது இளையவள். இருந்தும் தன் உள்ளங்கையை அவர் நரைத்த தலைமேல் வைத்தாள்.

“நல்லா இருங்க” என்றாள். “கண்ணு மங்காம, நூறு வருஷம் நல்லா இருங்க.”